மொட்டை மாடியில கோஆக்ஸ் கேபிள் பல வருஷம் உழைக்கணும்னா: ஹேம் ஆன்டெனாவுக்கு முழுமையான வழிகாட்டி

ஹேம் (அமெச்சூர்) ரேடியோவையும் ஆன்டெனாவையும் இணைக்கற கோஆக்ஸ் கேபிள்ல நடு கம்பி, அதைச் சுத்தி டைஎலக்ட்ரிக்ங்கற வெள்ளை பிளாஸ்டிக், அதுக்கு மேல பிரெய்டுங்கற கம்பிப் பின்னல், வெளிய ஜாக்கெட்ங்கற தோல்னு அடுக்கா இருக்கும். இந்தக் கேபிள் வெயில்ல தான் வீணாப் போகுதுன்னு பல பேர் நினைக்கிறாங்க. நான் இதுவரைக்கும் கழட்டி வெட்டிப் பாத்த கேபிள்கள்ல முக்காவாசி, ஜாக்கெட் நல்லா இருக்கும்போதே நுனி வழியா தண்ணி குடிச்சு செத்துப் போனது. வெயில் ரெண்டாவது எதிரி, அணில் மூணாவது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த நுனியைச் சுத்தித் தான் இருக்கும், ஏன்னா புதுசா லைசென்ஸ் எடுத்தவங்க ஆன்டெனாவுக்கு நாலு நாள் யோசிச்சு நுனிக்கு நாலு நிமிஷம் கூட குடுக்காம விட்டுடறாங்க.

என் மாடி திருவான்மியூர்ல, கடல் காத்து நேரா அடிக்கும். 2 மீட்டர் பேண்டுக்கு (144 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) ஒரு கிரவுண்ட் பிளேன் ஆன்டெனா, 20 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள். மாட்டின அன்னைக்கு எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவுலேர்ந்து எவ்வளவு பவர் திரும்பி வருதுங்கற அளவு, 1-க்குக் கிட்ட இருந்தா நல்லது) 1.6 காட்டுச்சு, ரெண்டு மழைக்காலம் போனப்புறம் 1.1 காட்டுச்சு, சரி தானா செட் ஆகிடுச்சுன்னு விட்டுட்டேன். ஆனா ரிப்பீட்டர்ல (சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பற நிலையம்) யாருக்கும் என் குரல் கேக்கல. கடைசியில ரேடியோ பக்கத்து பிஎல்-259 கனெக்டரைக் கழட்டி கேபிளைக் கீழ தொங்கவிட்டா, மேஜை மேல பழுப்பு கலர்ல ரெண்டு சொட்டு தண்ணி விழுந்துச்சு. மாடியில பெய்ஞ்ச மழைத் தண்ணி 20 மீட்டர் கேபிளுக்குள்ளயே இறங்கி வீட்டுக்குள்ள வந்து சொட்டுது. ஆன்டெனா பக்கம் வெட்டிப் பாத்தா பிரெய்டு அடுப்புக்கரி மாதிரி கருப்பு, விரல்ல தேய்ச்சா பச்சையா பொடி ஒட்டுது. அந்த 1.1 எப்படி வந்துச்சுங்கறதை 4-ல சொல்றேன், அது தான் எல்லாரையும் ஏமாத்துற இடம்.

1. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கையில என்ன இருக்கணும்

மாடிக்கு ஏறினப்புறம் "டேப் கீழ இருக்கு"ன்னு இறங்கி வர்ற வேலை இது இல்ல, பாதி சீல் பண்ணி விட்ட கனெக்டர் சீல் பண்ணாததுக்குச் சமம். அதனால எல்லாத்தையும் முதல்லயே எடுத்து வைங்க: நல்ல கருப்பு பிவிசி டேப் (3எம் சூப்பர் 33 பிளஸ் மாதிரி வெயில் தாங்குறது, வயரிங் கடையில கிடைக்கிற பத்து ரூபா டேப் வேண்டாம், அது ஒரு கோடையிலேயே பசை உருகி வழுக்கிடும்), செல்ஃப் அமால்கமேட்டிங் ரப்பர் டேப், உள்பக்கம் பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினா சுருங்கற குழாய்), கருப்பு கேபிள் டை, கூர்மையான பிளேடு, துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஒரு மல்டிமீட்டர். நானோ விஎன்ஏ (கேபிளையும் ஆன்டெனாவையும் அளக்கற சின்னக் கருவி) இருந்தா ரொம்ப நல்லது, இல்லன்னா ஒரு டம்மி லோடும் (ஆன்டெனாவுக்குப் பதிலா பவரை வாங்கிக்கிறது) வாட் மீட்டரும் யார்கிட்டயாவது கடன் வாங்குங்க.

நாளும் முக்கியம். சென்னைப் பக்கம்னா ஐப்பசி அடைமழை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, ஆவணி புரட்டாசியில ஒரு காய்ஞ்ச நாள், காலையில பனி ஈரம் போனப்புறம் வேலையைத் தொடங்குங்க. ஈரக் காத்துல சாயங்காலம் டேப் சுத்தினா அந்த ஈரத்தையும் சேர்த்து உள்ள வச்சு மூடின மாதிரி ஆகிடும், வெளிய வர அதுக்கு வழியே இருக்காது.

2. கேபிள் எடுக்கும்போது முதல்ல ஜாக்கெட், அப்புறம் லாஸ்

எல்லாரும் லாஸ் (கேபிளுக்குள்ளயே கரையற பவர்) டேபிளைத் தான் முதல்ல திறக்கிறாங்க. வெளிய போற கேபிளுக்கு மேல் தோல் எந்தப் பொருள்னு பாக்கறது தான் முதல் வேலை.

சாதாரண பிவிசி ஜாக்கெட்டை மிருதுவா வச்சிருக்கறதுக்கு பிளாஸ்டிசைசர்னு ஒரு எண்ணெய் மாதிரிப் பொருள் கலப்பாங்க. வெயில் ஏற ஏற அது மெதுவா வெளியேறும், ஜாக்கெட் விறைச்சுப் போய் வெடிக்கும், அது பாதிக் கதை தான். மீதிப் பாதி, மலிவான பிவிசியில அந்த எண்ணெய் உள்பக்கமாவும் நகர்ந்து நடுவுல இருக்கிற வெள்ளை டைஎலக்ட்ரிக்குக்குள்ள இறங்கி லாஸை ஏத்தும், வெளியேர்ந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது. இப்படி உள்ள இறங்காத பிவிசிக்கு டைப் 2ஏன்னு பேர், ஒழுங்கான ஆர்ஜி-213ல இது தான் வரும். அதைவிட கருப்பு பாலிஎத்திலீன் ஜாக்கெட் வெளிய இன்னும் நல்லது, எல்எம்ஆர்-400ல வர்றது அது. அதோட கருப்புக்குக் காரணம் கார்பன் பிளாக், அல்ட்ரா வயலட் கதிரைத் தடுக்கறது அது தான். வெள்ளை கலர், சாம்பல் கலர் கேபிள்கள் பெரும்பாலும் வீட்டுக்குள்ள ஓட்டறதுக்குன்னே வர்றது, மாடிக்கு எடுத்துட்டுப் போகாதீங்க.

இப்போ லாஸ். 2 மீட்டர் பேண்டுல, 20 மீட்டர் நீளத்துக்கு, ஆர்ஜி-58 ஏறக்குறைய 4 டெசிபல் தின்னும், அதாவது 50 வாட் போட்டா ஆன்டெனாவுக்கு 20 வாட் தான் போய்ச் சேரும். ஆர்ஜி-213ல கிட்டத்தட்ட 33 வாட், எல்எம்ஆர்-400ல 40 வாட் சேரும். 7 மெகாஹெர்ட்ஸ்ல அதே ஆர்ஜி-58 ஒரு டெசிபலுக்கும் கம்மியா தான் தின்னும், அதனால ஹெச்எஃப் (7 மெகாஹெர்ட்ஸ் மாதிரி குறைஞ்ச ஃப்ரீக்வன்சி) மட்டும் பண்றவங்க லாஸுக்காக தடி கேபிள் தேடி காசை விட வேண்டாம், அந்தக் காசை நல்ல ஜாக்கெட்லயும் கனெக்டர்லயும் போடுங்க.

ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வைங்க: எல்எம்ஆர்-400 மாதிரி ஃபோம் டைஎலக்ட்ரிக் கேபிள்ல லாஸ் கம்மி, ஆனா வளைக்கறதுலயும் சூட்டுலயும் அது ஆர்ஜி-213 அளவுக்கு முரட்டுத்தனம் தாங்காது. ரோட்டேட்டர் (ஆன்டெனாவைத் திருப்பற மோட்டார்) பக்கத்துல தினமும் சுத்திச் சுத்தி வளையற இடத்துக்கு, நடு கம்பி இழை இழையா இருக்கிற கேபிளை ஒரு துண்டு போட்டு இணைக்கிறது தான் சரி, ஒத்தைக் கம்பி அங்க நாளடைவுல முறிஞ்சிடும்.

3. கடையிலேயே ஒரு இன்ச் உரிச்சுப் பாருங்க

ஜாக்கெட் மேல ஆர்ஜி-58ன்னு அச்சடிச்சிருக்கறதை மட்டும் நம்பாதீங்க. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனாலும் சரி வேற ஊர்க் கடைக்குப் போனாலும் சரி, பையில ஒரு பிளேடும் ஒரு சின்ன காந்தமும் இருக்கட்டும். நுனியில ஒரு இன்ச் உரிச்சுப் பாக்கறேன்னு கேட்டா நல்ல கடைக்காரர் சரின்னு தான் சொல்வார்.

பிரெய்டைப் பாருங்க. இழைகளுக்கு நடுவுல வெள்ளை டைஎலக்ட்ரிக் சல்லடை மாதிரித் தெரிஞ்சா வேண்டாம்னு வச்சிடுங்க, நல்ல கேபிள்ல 95 சதவீதத்துக்குக் கிட்ட மூடியிருக்கும். அப்புறம் காந்தம். நடு கம்பியில ஒட்டினா அது செம்பு பூசின இரும்பு, டிவி டிஷ் கேபிள்ல இது சகஜம், ஈரம் பட்ட இடத்துல துரு பிடிக்கும். கம்பியைப் பிளேடால மெதுவா சுரண்டிப் பாருங்க, ரெண்டு விதமா இருக்கலாம்: வெள்ளீயம் பூசின செம்புன்னா சுரண்டச் சுரண்டச் செம்பு கலர் வரும், செம்பு பூசின அலுமினியம்னா செம்பு போய் வெள்ளை வரும். ரெண்டாவது கடல் காத்துக்கு ஆகவே ஆகாது.

4. மேல ஏத்துறதுக்கு முன்னாடி அளந்து எழுதி வைங்க

இந்த ஸ்டெப்பைத் தாண்டிப் போகாதவங்களை நான் அபூர்வமா தான் பாத்திருக்கேன். புது கேபிள் தரையில இருக்கும்போது எவ்வளவு லாஸ்னு எழுதி வைக்கலன்னா, மூணு வருஷம் கழிச்சு வர்ற நம்பரை எதோட ஒப்பிடுவீங்க?

எஸ்டபிள்யூஆர் மீட்டரை நம்பி உக்காந்தா என்ன ஆகும்னு பாருங்க. ரேடியோலேர்ந்து போற பவர்ல பாதி கேபிளுக்குள்ளயே கரைஞ்சு, ஆன்டெனாவுல பட்டுத் திரும்பி வர்றதும் வழியில மறுபடியும் கரையுது. மீட்டருக்குத் திரும்பி வர்றது கம்மியா இருந்தா அது "ஆஹா, மேட்ச் நல்லா இருக்கு"ன்னு தான் காட்டும். கணக்காவே சொல்றேன்: 4 டெசிபல் லாஸ் இருக்கிற கேபிளோட மறுமுனையில ஆன்டெனாவே மாட்டாம வெறுமனே விட்டாலும் இந்தப் பக்கம் 2.3 தான் வரும், ஈரம் ஏறி 10 டெசிபல் ஆகிட்டா ஒண்ணுமே மாட்டாத கேபிள் 1.2 காட்டும். என் 1.1 அப்படி வந்தது தான். எஸ்டபிள்யூஆர் தானா குறைஞ்சா சந்தோஷப்படாதீங்க, கேபிளைச் சந்தேகப்படுங்க.

நானோ விஎன்ஏ இருந்தா: உங்க பேண்டுக்கு செட் பண்ணி, ஓப்பன், ஷார்ட், லோடு மூணும் போட்டு காலிபிரேட் பண்ணுங்க. கேபிளை மாட்டி மறுமுனையைத் திறந்து விடுங்க. எஸ்11 (திரும்பி வர்ற சிக்னலோட அளவு) எத்தனை டெசிபல் காட்டுதோ அதை ரெண்டால வகுத்தா ஒரு வழி லாஸ் வந்துடும், ஏன்னா சிக்னல் போயிட்டுத் திரும்பி வருது. எஸ்11 மைனஸ் 8 வந்தா லாஸ் 4.

விஎன்ஏ இல்லாதவங்க மறுமுனையில டம்மி லோடு மாட்டி, வாட் மீட்டரை ஒரு தடவை ரேடியோ பக்கமும் இன்னொரு தடவை டம்மி லோடு பக்கமும் வச்சு கம்மி பவர்ல அளங்க. 10 வாட் போய் 5 வாட் வந்தா 3 டெசிபல். திறந்து விட்ட கேபிளுக்குள்ள மட்டும் ரேடியோவை டிரான்ஸ்மிட் பண்ணாதீங்க, ஃபைனல் டிரான்சிஸ்டருக்கு ஆபத்து.

தேதி, கேபிள் பேர், நீளம், ஃப்ரீக்வன்சி, லாஸ், இது அஞ்சையும் ஒரு காகிதத்துல எழுதி ரேடியோ மேஜை டிராயருக்குள்ள ஒட்டி வைங்க.

5. பாதையை நடந்து பாத்து முடிவு பண்ணுங்க

கேபிளைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி மாஸ்ட்லேர்ந்து (ஆன்டெனா நிக்கற கம்பம்) ஜன்னல் வரைக்கும் ஒரு தடவை நடங்க. மாடித் தரையில அப்படியே கிடக்கிற மாதிரி ஓட்டாதீங்க, கத்திரி வெயில்ல கால் வைக்க முடியாத அந்தத் தளத்துல கேபிளும் அதே சூட்டுல தான் வேகும், மழை வந்தா தேங்கின தண்ணியில ஊறும், வத்தல் காயப் போட வர்றவங்க கால்லயும் மிதிபடும். கைப்பிடிச்சுவரோட உள்பக்கம், முடிஞ்சா நிழல் அதிக நேரம் விழுற பக்கம், தரையிலேர்ந்து ஒரு சாண் மேல ஓட்டுங்க. மின்சாரக் கம்பி போற பக்கம் மாஸ்டோ கேபிளோ வேண்டவே வேண்டாம், மாஸ்ட் சாஞ்சாலும் எட்டாத தூரம் இருக்கணும்.

மாமரம், முருங்கை மாடியில சாஞ்சிருக்கிற வீடுன்னா அணில் கட்டாயம் வரும். பல்லு பட்ட இடம் பாக்கறதுக்கு ஒரு சின்னக் கீறல் தான், ஆனா பிரெய்டு வரைக்கும் போயிருக்கும், அடுத்த மழையில தண்ணி அங்கேர்ந்து ரெண்டு பக்கமும் பரவும். அந்த இடத்துல மட்டும் ஃப்ளெக்சிபிள் பைப்புக்குள்ள கேபிளை விடுங்க. பைப்போட தாழ்ந்த இடத்துல அடிப்பக்கமா ரெண்டு சின்ன ஓட்டை போடணும், இல்லன்னா பைப்பே தண்ணித் தொட்டி ஆகிடும். மண்ணுல புதைக்கணும்னா அதுக்குன்னே உள்ள ஜெல் நிரப்பின டைரக்ட் பெரியல் கேபிள் இருக்கு, சாதா கேபிளை வெறுமனே புதைக்காதீங்க.

6. கனெக்டர் போடுறது

பிஎல்-259 எவ்வளவு அழகா திருகினாலும் மழைக்கு அடைப்பு கிடையாது, அதுக்குள்ள ரப்பர் வளையமே இல்ல. 'N' டைப்னு இன்னொரு வகை கனெக்டர்ல கேஸ்கெட் இருக்கு, மேல மாட்டுறதுக்கு அது தான் என் முதல் தேர்வு. ஆனா நிறைய ஆன்டெனா எஸ்ஓ-239 சாக்கெட்டோட தான் வருது, அப்போ பிஎல்-259 போட்டுத் தான் ஆகணும், போட்டு நல்லா சீல் பண்ணிட்டா ஒரு குறையும் இல்ல.

வரிசை இது தான்: முதல்ல ஹீட் ஷ்ரிங்க் துண்டைக் கேபிள்ல கோத்து ஒரு அடி தள்ளி வைங்க, அடுத்தது கப்ளிங் ரிங் (கனெக்டரோட திருகற வளையம்), அதுக்கப்புறம் தான் உரிக்கிறதே. கிளாஸ் எடுக்கும்போது நான் இதை மூணு தடவை சொல்லியும் அரை மணி நேரம் சோல்டர் பண்ணி முடிச்சுட்டு ரிங் மேஜை மேலயே கிடக்கறதைப் பாத்து முகம் வாடிப்போன பசங்க உண்டு.

உரிக்கும்போது பிளேடு பிரெய்டு இழையை வெட்டாம பாத்துக்கோங்க. ஆர்ஜி-213க்கு 25 வாட் அயர்ன் பத்தாது, 60 வாட்டுக்கு மேல கனமான முனையோட எடுங்க. பலவீனமான அயர்னை ரொம்ப நேரம் வச்சுத் தேய்க்கறதை விட பலமான அயர்னைச் சட்டுனு வச்சு எடுக்கறது தான் டைஎலக்ட்ரிக்கை உருகாம காப்பாத்தும். உருகினா நடு கம்பி ஒரு பக்கமா நகர்ந்து பிரெய்டைத் தொட்டுடும்.

ஆறினப்புறம் மல்டிமீட்டர்: நடு கம்பிக்கும் ஷீல்டுக்கும் (அதாவது பிரெய்டுக்கும்) தொடர்பு இருக்கக்கூடாது, மறுமுனையை ஷார்ட் பண்ணினா இருக்கணும். ஆன்டெனாவை மாட்டி வச்சுட்டு இதைச் செய்யாதீங்க, ஸ்லிம் ஜிம், ஃபோல்டட் டைபோல் மாதிரி ஆன்டெனாவெல்லாம் மீட்டருக்கு ஷார்ட்டா தான் தெரியும், நல்ல கனெக்டரை வெட்டிப் போட்டுட்டு உக்காந்திருப்பீங்க. எல்லாம் சரின்னா ஹீட் ஷ்ரிங்கை இழுத்து, கனெக்டர் உடம்பும் கேபிளும் சேர்ற இடத்தை மூடி சுருக்குங்க. சோல்டர் பண்ணின ஓட்டைகளும் அதுக்குள்ள வரட்டும், ஆனா கப்ளிங் ரிங் மேல ஏறக்கூடாது.

7. சீல் பண்றது: இங்க நேரம் எடுத்துக்கோங்க

சிலிகானை அப்பிட்டு வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிற பழக்கத்தை முதல்ல விட்டுடுங்க. பாத்ரூம் வேலைக்கு வாங்குற சிலிகான்ல பெரும்பாலானது காயும்போது வினிகர் வாசனை அடிக்கும், அது அசிட்டிக் அமிலம், செம்பையும் கனெக்டரையும் உள்ளேர்ந்தே அரிக்கும். போட்டே ஆகணும்னா வாசனை இல்லாத நியூட்ரல் கியூர் வகை. என்னோட கனெக்டர் எதுலயும் நான் போடறதே இல்ல.

கனெக்டரைக் கையால இறுக்கமா திருகி, ஆல்கஹால்ல துடைச்சு, முழுசா காய விடுங்க. வேர்த்த கையோட தொட்ட இடத்துல டேப் ஒட்டாது. பிளையர் போட்டு பிஎல்-259ஐ லேசா ஒரு நெரி மட்டும் குடுங்க, கழண்டு வராம இருக்கறதுக்கு.

முதல் சுத்து, பிவிசி டேப் ஒரே ஒரு லேயர், இறுக்காம. இது தண்ணிக்காக இல்ல, நாளைக்குக் கழட்டும்போது உங்களுக்காக. இது இல்லாம ரப்பர் டேப்பை நேரா கனெக்டர் மேல சுத்தினவங்க, ரெண்டு வருஷம் கழிச்சு பிளேடு வச்சு ஒரு மணி நேரம் சுரண்டுவாங்க. இந்த லேயரை வெட்டிப் பிரிச்சா மேல உள்ளதெல்லாம் ஓடு மாதிரிக் கழண்டு வந்து உள்ள கனெக்டர் புதுசு மாதிரி இருக்கும்.

ரெண்டாவது, ரப்பர் டேப். இது பசையால ஒட்டுற டேப் இல்ல, இழுத்துச் சுத்தினா தன் மேலயே சேர்ந்து ஒரே ரப்பர் கட்டி ஆகிடும், இழுக்காம சுத்தினா சேராது. அகலம் முக்கால் ஆகற அளவுக்காவது இழுங்க. ஒவ்வொரு சுத்தும் முந்தின சுத்தோட பாதியை மூடணும். ஆன்டெனா பக்கம் சாக்கெட்டோட உலோகம் வரைக்கும், கீழ கேபிள் ஜாக்கெட் மேல ரெண்டு மூணு இன்ச் தாண்டியும் போகணும். புதுசா பண்றவங்க கனெக்டர் முடியற இடத்துலயே நிறுத்திடறாங்க, தண்ணி வர்றதோ ஜாக்கெட் மேல ஓடி அந்த விளிம்பு வழியா தான்.

மூணாவது, மறுபடியும் பிவிசி டேப், ரெண்டு லேயர். ரப்பர் டேப் பல வகை வெயில்ல நேரா நின்னா வெடிச்சுப் போகும், அதுக்கு இது குடை. கடைசி லேயரைக் கீழேர்ந்து மேல சுத்தணும். ஓட்டு வீட்டுக்கு ஓடு வேயறவங்க எப்பவும் கீழ் வரிசையில ஆரம்பிச்சு மேல போவாங்க, மேல் ஓடு கீழ் ஓட்டோட தலையை மூடும், தண்ணி வழுக்கிட்டுப் போயிடும். மேலேர்ந்து கீழ சுத்தினா ஒவ்வொரு சுத்தோட விளிம்பும் வாயைத் திறந்துட்டு மேல பாத்துட்டு நிக்கும், வழிஞ்சு வர்ற தண்ணி ஒவ்வொரு வாய்லயும் இறங்கும். வேலை ஒண்ணு தான், டேப் ஒண்ணு தான், திசை மட்டும் மாறிப்போய் ஒரே மழையில நனைஞ்ச கனெக்டரை நான் பிரிச்சிருக்கேன்.

டேப் முடியற இடத்துல இழுத்துப் பிய்க்காதீங்க. கடைசி ரெண்டு இன்ச்சை இழுக்காம வச்சு, பிளேடால வெட்டி, விரலால அழுத்தித் தேய்ங்க. இழுத்துப் பிச்ச நுனி சுருங்கப் பாக்கும், நாலு நாள்ல கொடி மாதிரி பறக்கும்.

ஆன்டெனா அடியில சின்ன ஓட்டை இருந்தா அதை அடைக்காதீங்க. அது உள்ள சேர்ற ஈரம் வடியறதுக்குக் கம்பெனிக்காரங்களே விட்டது. ஆர்வத்துல அதையும் சேர்த்து டேப் சுத்தினா ஆன்டெனாவுக்குள்ளயே தண்ணி நிக்கும்.

8. டைபோல் நடு: எல்லாத்தையும் விட மோசமான இடம்

ஹெச்எஃப் டைபோலுக்கு (நடுவுலேர்ந்து ரெண்டு பக்கமும் கால் மாதிரி கம்பி நீட்டின ஆன்டெனா) நிறைய பேர் கனெக்டரே போடாம கேபிள் நுனியைப் பிரிச்சு, நடு கம்பியை ஒரு காலுக்கும் பிரெய்டை முறுக்கி இன்னொரு காலுக்கும் சோல்டர் பண்ணிடறாங்க. எலக்ட்ரிக்கலா தப்பே இல்ல. ஆனா அந்த முறுக்கின பிரெய்டு விளக்குத் திரி மாதிரி. திரி எண்ணெயை மேல இழுக்கற மாதிரியே பிரெய்டு இழைகளுக்கு நடுவுல தண்ணி தானா ஏறிப் போகும், அதுவும் டைபோல் நடுவுல கேபிள் கீழ்ப்பக்கமா தொங்கறதால புவியீர்ப்பும் சேர்ந்து இழுக்கும்.

சோல்டர் பண்ணினப்புறம் பிரெய்டு பிரியற கவட்டையில எம்-சீல் பிசைஞ்சு அழுத்தி நிரப்புங்க, ஜாக்கெட் மேல ஒரு இன்ச் ஏறி வரணும், ஒரு ராத்திரி காய விடணும். அப்புறம் மேல ரப்பர் டேப், பிவிசி டேப், 7-ல சொன்ன அதே வரிசை. இன்னும் நல்ல வழி, ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவுல எஸ்ஓ-239 சாக்கெட்டைக் கீழ பாத்த மாதிரி பொருத்தி, கால் கம்பிகளை டப்பாவோட போல்ட்டுல மாட்டுறது. கடல் பக்கம்னா போல்ட்டும் வாஷரும் ஸ்டெயின்லெஸ்ல வாங்குங்க. டப்பாவோட மேல்பக்கமும் ஓரமும் சீல், அடியில ஒரு தீக்குச்சி கனத்துக்கு ஓட்டை.

கேபிளோட எடையை சோல்டர் தாங்கக்கூடாது. நடு இன்சுலேட்டர்ல கேபிளை ஒரு வளையம் போட்டுக் கட்டி, எடையை அந்தக் கட்டு தாங்கற மாதிரி வைங்க. காத்துல ஆடி ஆடி சோல்டர் விட்டுப் போறது, தண்ணிக்கு அடுத்த காரணம்.

9. ஏத்திக் கட்டுறது

வளைவு. எல்எம்ஆர்-400ஐ ஒரு தடவை வளைச்சு அப்படியே நிறுத்தறதுக்கு ஒரு இன்ச் ஆரம் வரைக்கும் போகலாம்னு கம்பெனி சொல்லுது, அடிக்கடி வளையற இடத்துக்கு 4 இன்ச். எந்தத் தடி கேபிளா இருந்தாலும் நான் சாப்பாட்டுத் தட்டு சைஸுக்குக் கம்மியா வளைக்கறதில்ல. கைப்பிடிச்சுவர் விளிம்புல செங்கோணமா மடிச்சு மேல கல்லு வைக்கறதைப் பாத்தா எனக்கு வயிறு எரியும், அந்த இடத்துல ஃபோம் நசுங்கி நடு கம்பி ஓரத்துக்கு நகர்ந்துடும், வெயில் சூட்டுல ஃபோம் இளகறப்போ இன்னும் வேகமா நகரும்.

கேபிள் டை கருப்பு தான், வெள்ளை டை வெயில்ல உப்பு மாதிரி உதிரும். அரை மீட்டர், முக்கால் மீட்டருக்கு ஒண்ணு, கேபிள் நகராத அளவுக்கு இறுக்குங்க, ஜாக்கெட்ல பள்ளம் விழுந்தா அதிகம். முதல் டை கனெக்டருக்குக் கீழ ஒரு அடிக்குள்ள வரணும், இல்லன்னா மொத்த எடையும் கனெக்டர்ல தொங்கும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலை மனசுல வச்சு கட்டுங்க. அந்த மாதிரி காத்துல தளர்வா விட்ட கேபிள் மாஸ்ட்ல மணிக்கணக்கா அடிச்சுக்கிட்டே இருக்கும், ஜாக்கெட் தேஞ்சு போகும்.

10. வீட்டுக்குள்ள நுழையற இடம்

சுவத்துல போடற ஓட்டை உள்ளேர்ந்து வெளிய பாக்கச் சாய்வா கீழ இறங்கணும். ஓட்டைக்கு முன்னாடி கேபிள் ஒரு 'U' மாதிரி ஓட்டைக்குக் கீழ தொங்கி அப்புறம் மேல ஏறி உள்ள போகணும், ஜாக்கெட் மேல ஓடி வர்ற தண்ணி அந்த வளைவோட அடியில சொட்டிடும். இது இல்லாத வீட்டுல தண்ணி கேபிள் பிடிச்சுக்கிட்டே வந்து சுவிட்ச் போர்டுல இறங்கின கதை உண்டு.

நுழையற இடத்துலயே ஷீல்டை எர்த் பண்ணி அரெஸ்டர் (இடியோட வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பி விடற கருவி) போடுங்க, அந்த எர்த் வீட்டு எர்த்தோட சேர்ந்திருக்கணும், தனித்தனியா விட்டா இடி நேரத்துல ரெண்டுக்கும் நடுவுல தான் வோல்டேஜ் பாயும். நேரடி இடிக்கு அரெஸ்டர் பத்தாது. வானம் கறுக்க ஆரம்பிக்கும்போதே ரேடியோவைக் கழட்டி கேபிளைத் தள்ளி வைங்க, இடி இடிக்க ஆரம்பிச்சப்புறம் கேபிளைத் தொடாதீங்க.

11. முதல் மழைக்கு அப்புறமும், வருஷம் ஒரு தடவையும்

முதல் பெரிய மழை விட்ட மறுநாள், இடி மின்னல் இல்லாத நேரமா, அளந்து பாருங்க. ஆன்டெனா மாட்டியிருக்கும்போது வர்ற எஸ்டபிள்யூஆர் காய்ஞ்ச நாள் நம்பரோட ஒத்துப்போகணும். மழைக்கு மாறி வெயிலுக்குப் பழையபடி வந்துட்டா ஈரம் ஆன்டெனாவுலயோ கனெக்டர் வாய்லயோ இருக்கு, இப்போ பிடிச்சா கேபிளைக் காப்பாத்திடலாம். மாறினது மாறினபடியே நின்னா உள்ள போயிடுச்சு.

வருஷம் ஒரு தடவை, புரட்டாசியில, மேல ஏறி டேப் நுனி தூக்கியிருக்கா, ஜாக்கெட்ல வெடிப்போ பல்லுத் தடமோ இருக்கான்னு கையால தடவிப் பாருங்க, கண்ணுல படாத வெடிப்பு விரல்ல தட்டும். ஆன்டெனாவைக் கழட்டி 4-ல சொன்ன மாதிரி லாஸ் அளந்து, டிராயர் காகிதத்துல அடுத்த வரியில எழுதுங்க. ஒரு டெசிபல் கூடியிருந்தா காரணம் தேடணும். திரும்ப மாட்டும்போது சீல் புதுசா போடணும், பழைய டேப்பை மறுபடி ஒட்ட முடியாது.

12. தண்ணி போன கேபிளை என்ன பண்றது

வெயில்ல காய வச்சா சரியாகிடும்னு நம்பி வைக்கறவங்க அதிகம். தண்ணி காயலாம், ஆனா பிரெய்டுல பிடிச்ச கருப்பு போகாது, இழைக்கு இழை தொடர்பு கெட்டுப் போனது கெட்டது தான், லாஸ் அப்படியே நிக்கும்.

கெட்ட நுனியிலேர்ந்து ஒரு அடி வெட்டி, ஜாக்கெட்டை உரிச்சுப் பாருங்க. பிரெய்டு பளிச்சுனு இருந்தா அங்கேயே புது கனெக்டர் போட்டு, லாஸ் அளந்து, நீளத்துக்குச் சரியா இருக்கான்னு பாத்துட்டு பயன்படுத்தலாம். கருப்பா இருந்தா இன்னொரு அடி. ஒரு மீட்டர் வெட்டியும் கருப்பு போகலன்னா நான் மொத்தத்தையும் கழிச்சுடுவேன், என் 20 மீட்டர் ஆர்ஜி-58ல ஆறு மீட்டர் வெட்டியும் கருப்பு தான் வந்துச்சு. அந்தக் கேபிளோட முதல் ஒரு அடியை மட்டும் நீளவாக்குல பிளந்து மேஜை மேல வச்சிருக்கேன், யாராவது கனெக்டருக்கு டேப் எதுக்குன்னு கேட்டா எடுத்துக் கையில குடுத்துடறேன்.